எலாதியோ வரையாத பாதங்கள்

2021 ஆகஸ்ட் மூன்றாம் வாரம், நிழலிலேயே நாற்பத்தாறு டிகிரி அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஷார்ஜா முவைலாவில் பள்ளிக்கூடச் சாலைக்குப் பின்னாலிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன் அரியரத்தினத்தின் முழங்காலுக்குக் கீழே பனிமூட்டம் வந்து சூழ்ந்தது. பதினொரு மாதம் அது விலகவில்லை. அவர் நடந்தால் கூடவே நடந்தது, லிஃப்டில் ஏறினால் கூடவே ஏறியது. முதல் நாள், ஏசி குழாய் ஒழுகுகிறது என்று யாரோ மெயின்டனன்ஸுக்குப் போன் செய்தார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் மாடியில் குடியிருந்த கோயம்புத்தூர் நளினி, வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கிய மல்லிகைச் சரத்தைக் கிண்ணத்தில் போட்டு அவர் காலடியில் வைத்துப் பார்த்தாள். ஞாயிறு மாலை வரை பூ வாடவில்லை. அதன்பின் யாரும் புகார் செய்யவில்லை.

மூட்டத்துக்குக் காரணம் இரண்டாம் மாடியிலிருந்த எலாதியோ. ஸ்பெயினில் ஸரகோசா நகரத்துக்காரர். மனைவிக்கு முவைலாப் பள்ளியொன்றில் ஆசிரியை வேலை கிடைத்ததால் பின்னாலேயே வந்தவர். அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றுக்காக சூப்பர் ஹீரோக் கதைகள் வரைவதுதான் அவர் பிழைப்பு. பத்தொன்பது வயதில் மற்றவர்கள் வரைந்த படங்களுக்கு ஜன்னலும் புகைக்கூண்டும் போட்டுக்கொடுக்கத் தொடங்கி, இருபது வருஷத்தில் நாலாயிரம் பக்கம் வரைந்துவிட்டார். 'வெண்கலக் காவலன்' என்ற நாயகன் வானத்தில் பாய்வதை அவர்போல் வரைய ஆளில்லை என்று பேர். தசை, தாடை, காற்றில் படபடக்கும் மேலங்கி எல்லாம் கச்சிதம். பாதம் மட்டும் வராது. ஓவியப் பள்ளியில் பாதம் சொல்லிக்கொடுத்த வாரத்தில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது. பிறகு போய்க் கேட்க வெட்கம். அதனால் நாலாயிரம் பக்கத்திலும் எல்லோருடைய கால்களும் புகையிலோ, இடிந்த கட்டடத்தின் தூசியிலோ, மூடுபனியிலோ முடிந்துவிடும்.

ஆளை நிறுத்திவைத்துப் பார்த்து வரைவது அவர் வழக்கம். நிற்பவரின் காலிலும் மூட்டம் வந்து சூழும். ஸரகோசாவில் இது தெரியவில்லை. அங்கே குளிர்காலத்தில் ஆற்றுப் பனி யார் காலைத்தான் விட்டது? ஷார்ஜா வெயிலில்தான் குட்டு உடைந்தது. வில்லனாக நின்றுகொடுத்த நளினியின் கணவர் சேதுமாதவன் ஒரு ஆடிட்டர். அவர் மூட்டத்தோடு ஆபீஸ் போனார். மீட்டிங்கில் எல்லோரும் மேசைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டு அவர் பக்கமாகக் காலை நீட்டினார்கள். அவருடையது ஒரு மாதத்தில் கலைந்தது. அகன்ற தோளுள்ள அரியரத்தினத்தையோ எலாதியோ வெண்கலக் காவலனாகவே வைத்துக்கொண்டார். மாதாமாதம் வரைந்ததால் அவர் மூட்டம் கலைய நேரமே இல்லை.

அரியரத்தினம் அதற்காக உள்ளூர மகிழ்ந்தார். 2002இல், இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்த வருஷம், முகமாலையில் தன் காணியைப் பார்க்கப் போனவர் மிதிவெடியில் வலது பாதத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் செய்துகொடுத்த ரப்பர் பாதத்தைப் பூட்ஸுக்குள் மறைத்தபடி 2011இல் இந்த வேலையில் சேர்ந்தார். ஒற்றைக் காலன் என்று தெரிந்தால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், பத்து வருஷமாக யார் முன்னாலும் பூட்ஸைக் கழற்றியதில்லை, தூங்கும்போதும் இல்லை. மூட்டம் வந்த மறுவாரம் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசல் நாற்காலியில் எல்லோரும் பார்க்க வெறுங்காலோடு உட்கார்ந்தார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கூடப் பாடினார், சுமாராகத்தான் பாடினார்.

2022 ஜூலையில் எலாதியோவுக்குப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்த எடிட்டர் நாலாயிரம் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டாராம். அடுத்த இதழில் வெண்கலக் காவலன் பறக்கும் சக்தியை இழந்து நகரம் முழுக்கச் செருப்பில்லாமல் நடக்கிறான். இருபத்திரண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் பாதம். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் கலாஸ், இனி வேலை இல்லை. எலாதியோ கண்ணாடி முன் தன் காலையே வரைய உட்கார்ந்தார். முதல் கோட்டிலேயே மூட்டம் வந்து அதையும் மூடிவிட்டது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். அவர் மனைவி நளினியிடம் சொல்லி அழ, நளினி வாசலில் வந்து சொல்ல, அரியரத்தினம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து இரண்டாம் மாடிக்குப் போனார். ஆங்கிலத்துக்காக நளினியும் கூடப் போனாள்.

அறையில் உட்கார்ந்து, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூட்டத்துக்கு மேலே தெரியும்படி இரண்டு கால்களையும் அதில் தூக்கி வைத்தார். நளினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்கோ, இது ரப்பர். இதைப் பார்த்துப் படம் கீறச் சொல்லுங்கோ இவரை."

"ஏனுங்கண்ணா, இவரு காலை வரைஞ்சுட்டா உங்க மூட்டம் போயிருமில்லீங்க? செவ்வாக்கெழமை மேனேஜர் வேற இன்ஸ்பெக்சனுக்கு வர்றாரு."

"ஓம் பிள்ளை, எல்லாம் யோசிச்சுத்தான் வந்தனான். இந்த மனுசனும் என்னை மாதிரித்தானே? இருவது வரியமாக் காலை மறைச்சுக்கொண்டு திரியுது. ரெண்டு பேரில ஒராளாவது வெளியில வரட்டும்."

நளினி இதை எந்த ஆங்கிலத்தில் சொன்னாளோ, எலாதியோ நெடுநேரம் அந்த இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்தார். நான்கு நாள் தூக்கமில்லாமல் வரைந்தார். பக்கம் ஏற ஏற மூட்டம் இறங்கியது. ஏழாம் பக்கத்தில் கெண்டைக்கால் தெரிந்தது, பதினைந்தில் கணுக்கால். திங்கட்கிழமை, முழுப்பக்கத்துக்கு வலது பாதம் ஒன்று மட்டும் தரையை ஊன்றி நிற்கும் கடைசிப் படத்தில் மை இட்டு முடித்தபோது, அரியரத்தினத்தின் காலடியில் ஈரம்கூட இல்லை.

செவ்வாய் காலை மேனேஜர் சதக்கத்துல்லா வந்தார், கீழக்கரைக்காரர். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷனுக்கு வரும்போதே புதுச் சீருடையும் பூட்ஸும் கொடுத்துப் பழைய பூட்ஸை வாங்கிப்போவதும் அவர்தான். அரியரத்தினம் ஒளிய முயலவில்லை. பழைய பூட்ஸைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றார். மேனேஜர் காலைப் பார்த்தார், பூட்ஸை வாங்கிப் பைக்குள் போட்டார், படிவத்தில் எழுதத் தொடங்கினார்.

"சேர், என்னை அனுப்பப் போறியளோ?"

"எங்க அனுப்புறது? பதினோரு வருசமா பழைய பூட்ஸை நாந்தானே வாங்குறேன். இடதை மூக்குகிட்டக் கொண்டுபோக முடியாது. வலதுல வேர்வை வாடையே வந்ததில்லை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்?"

"அப்ப ஏன் சேர் ஒருநாளும் கேக்கேல்லை?"

"நீங்க சொல்லலை, நானும் கேக்கலை. மூணாவது மாடி ரூமை மாத்தி வாசல்கிட்ட ரூம் கொடுத்தது எதுக்குன்னு நெனச்சீங்க? சைஸு எட்டுதானே?"

அரியரத்தினம் எட்டு என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பயத்தில் போன பதினோரு வருஷத்தை நினைத்துப் பாதி, சந்தோஷத்தில் பாதி.

அந்த இதழ் செப்டம்பரில் வண்ணம் சேர்ந்து அச்சாகி வந்து மூன்று முறை மறுபதிப்புக் கண்டது. அபுதாபியில் நடந்த காமிக்ஸ் விழாவில் எலாதியோவிடம் பாதம் வரைந்து வாங்க ஜனங்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரே ஒரு குறை. பழக்கமில்லாத வேலையை அவசரத்தில் செய்ததால் கடைசிப் பக்கத்துப் பாதத்துக்கு ஆறு விரல் போட்டிருந்தார். எடிட்டர் உட்பட ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. வாசகர்கள் நூற்றுக்கணக்கில் எழுதிக் கேட்டதும், வெண்கலக் காவலனுக்கு வலக்காலில் எப்போதுமே ஆறு விரல்தான், இதுவரை புகை மறைத்திருந்தது என்று பதிப்பகம் பதில் போட்டது.

அச்சான அதே வாரம் அரியரத்தினம் பார்க்கிங்கில் தண்ணீர் பிடித்துவிடப் போனவர், வெறுங்காலைச் சிமெண்டில் வைத்ததும் "ஐயோ, சுடுது! வலக்கால் சுடுது!" என்று கத்தினார். நளினியும் சேதுமாதவனும் பதறி ஓடிவந்து பார்க்கும்போது, அவர் நிழலுக்குப் போகாமல் அங்கேயே நின்று அந்தக் காலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிறம் ரப்பரின் நிறம்தான். ஆனால் விரல் ஆறு இருந்தது, ஆறிலும் நகம் இருந்தது. இப்போது மாதம் இரண்டு தடவை வெட்டுகிறார்.

அடுத்த ஜூலையில் சதக்கத்துல்லா வழக்கம்போல வந்தார். பழைய பூட்ஸை வாங்கி, இடதைப் பைக்குள் போட்டு, வலதைப் போடப் போனவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை, சரிபார்ப்பதற்காக, அதை மூக்கருகே கொண்டுபோனார். "அல்ஹம்துலில்லாஹ், தாங்க முடியலை" என்றார். படிவத்தில் இடது எட்டு, வலது ஒன்பது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்.