கார்டு மெஷினின் சுருதி

மூன்று கார்டு மெஷின்களும் சின்னுவின் கீபோர்டு உறைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. ரயில் நிலையக் கூடத்தில், டிக்கெட் கவுண்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே மருத்துவமனைப் பாட்டுக் குழுவுக்கு ஒதுக்கித் தந்திருந்த இடம் அது. "மூணையும் வச்சுப் பாருங்க. சாயங்காலம் ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததைக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மெஷின்காரர் தூணோரம் போய் நின்றுகொண்டார். சின்னுவுக்குக் கை பரபரத்தது. புது மெஷின் எதைக் கண்டாலும் அவளுக்கு அப்படித்தான். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறவள் என்று அண்ணி கேலி செய்வாள். அண்ணி அதே மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வார்டையும் பாட்டுக் குழுவையும் ஒரே அதட்டலில் ஓட்டுபவள்.

நோயாளிகளோடு வருகிற சொந்தக்காரர்கள் வார்டு வாசலில் செய்தித்தாளை விரித்துப் படுக்கிறார்கள். அவர்கள் குளிக்கவும் கால் நீட்டவும் ஓர் அறையை மருத்துவமனை கொடுத்துவிட்டது. கட்டில், மெத்தை, வெந்நீர்க் குழாய் எல்லாம் இவர்கள் பாடித்தான் சேர்க்க வேண்டும். பாடினார்கள். ஜனங்களும் நின்று கேட்டார்கள், சிலர் கண்கூடக் கலங்கினார்கள். பிறகு சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, "கையில காசா இல்லீங்களே, கார்டுதான்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு ரயிலேறிப் போனார்கள். மெத்தைக்கு வந்த வழி எல்லாம் அந்த உதட்டுப் பிதுக்கலோடு ரயிலேறிப் போவதாகச் சின்னுவுக்குத் தோன்றும். இன்றைக்கு அதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்ற நினைப்பிலேயே அவள் காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் அலைந்துகொண்டிருந்தாள்.

முதல் மெஷினுக்குக் கார்டைச் செருக வேண்டும், தொகையை அடிக்க வேண்டும், ரகசிய எண்ணைப் போட வேண்டும், அது யோசித்து யோசித்துச் சீட்டைத் துப்பும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அதற்கு நிறுத்தினார்கள். அவர் குரலின் கனத்துக்காகக் குழுவில் அவருக்கு சைரன் என்று பெயர். அவர் போனதும் பாட்டுக்கு அடிவயிறு இல்லாமல் போயிற்று. முதலில் வந்த மனிதர் எண்ணைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்து, ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும் கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போனார்.

"இது வேலைக்கு ஆகாது" என்றார் சைரன், திரும்பி வந்து.

இரண்டாவது, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கார்டைக் காட்டினால் போதும், மூச்சுக் காட்டாமல் வாங்கிக்கொள்ளும். அண்ணிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "பாட்டுக்கு நடுவுல வாயத் தொறக்காது பாரு, இதுதான் லட்சணம்." ஆனால் கொடுத்தவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மேலே இருந்த விளக்கின் ஒளி திரையில் விழுந்து எழுத்தை மறைத்தது. ஒரு பெண் கார்டைக் காட்டிவிட்டு, "போச்சா?" என்று கேட்டாள். வாசித்துக்கொண்டிருந்த சின்னு தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெண் மறுபடியும் காட்டினாள். அப்புறம் இரண்டு தடவை போய்விட்டதோ என்ற கவலையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். நல்லது செய்துவிட்டு, தப்பு செய்தவள் மாதிரிப் போகிறாளே என்று சின்னுவுக்கு மனசு கேட்கவில்லை.

மூன்றாவது குண்டாக, பார்க்க அசடு மாதிரி இருந்தது. ஆனால் கார்டு கிட்டே வந்ததும் பச்சை விளக்கு பளீரென்று எரிந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி 'பீப்' என்றது. ரொட்டிக் கூடை சுமந்து வந்த ஒருவர் அந்தச் சத்தத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருவர் வந்தார், அவர் பின்னால் இருவர் வந்தார்கள். பாட்டுத்தான் பாடாய்ப் பட்டது. ஒவ்வொரு பீப்புக்கும் அண்ணியின் முகம் பல்லில் மண் நறநறத்த மாதிரி ஆயிற்று. சைரன் பீப்பின் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் போனார், மற்றவர்கள் அண்ணியோடு இன்னொரு பக்கம் போனார்கள்.

அண்ணி கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினாள். "சத்தத்தை மாத்த முடியுமா?"

"குறைக்கலாம் மேடம். மாத்த முடியாதுங்க" என்றார் மெஷின்காரர்.

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த ஊமை மெஷினே போதும்."

சின்னுவின் விரல் அதற்குள் கீபோர்டில் மேய்ந்துகொண்டிருந்தது. பீப் காதிலேயே நின்றிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினாள், இல்லை. அதற்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தியதும் நெஞ்சு குதித்தது. அதேதான். பாடிக்கொண்டிருந்த சுருதிக்குச் சரியாக அரைக்கட்டை மேலே. அடுத்த நொடியே விரலைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். போன வருஷம்வரை அவர்கள் பாடிக்கொண்டிருந்த சுருதி அது. அண்ணியின் கழுத்தில் தைராய்டு அறுவை நடந்து, மறுபடி பாட வந்த முதல் நாள், சின்னு யாரிடமும் சொல்லாமல் கீபோர்டின் சுருதிப் பொத்தானை அழுத்தி அரைக்கட்டை இறக்கியிருந்தாள். அண்ணியும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் எழுந்துபோய் அண்ணியின் காதோரம் சொன்னாள். "அரைக்கட்டை ஏத்தினா அந்த பீப்பு பாட்டோட சேந்துடும் அண்ணி."

அண்ணி அறுவைத் தழும்பை மறைக்கச் சுற்றியிருந்த கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். "நீதானே எறக்கி வச்ச?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் தொண்டை எனக்குத் தெரியாதாடி?" குரல் கொஞ்சம் இறங்கியது. "மேல அந்த இடம் வரும்போது உடைஞ்சிடுச்சுன்னா? இத்தனை பேரு நிக்கறாங்க."

"உடைஞ்சா நான் எடுத்துப் பாடறேன்."

"நீ பாடினா, குடுத்தவங்க எல்லாம் திருப்பிக் கேப்பாங்க."

சொல்லிவிட்டு அண்ணியே சிரித்துவிட்டாள். பிறகு குண்டு மெஷினைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "சரி, ஏத்து" என்றாள், ஊசி போடச் சொல்கிற அதே குரலில்.

சின்னு பொத்தானை அழுத்தினாள். அவர்களே கட்டிய மழைப் பாட்டு, பழைய உயரத்தில் தொடங்கியது. முதல் பீப் விழுந்தது. யாரும் தடுமாறவில்லை. ஜால்ரா தட்டியது மாதிரி அது பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது பீப்புக்கு சைரனின் கண்கள் விரிந்தன. கூட்டத்துக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கைப்பெட்டியோடு நின்ற ஒருவர் கார்டை நீட்டிவிட்டு, அந்த வரி முடியட்டும் என்று தாளத்துக்குத் தலையாட்டிக் காத்திருந்தார். முடிந்த இடத்தில் சரியாக வைத்தார். பீப்! ஜனங்கள் கைதட்டினார்கள். கவுண்டர் வரிசையிலிருந்து ஆட்கள் கழன்று வந்தார்கள்.

மேலே ஏறும் இடம் வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துத் துணியை ஒரே இழுப்பில் உருவிக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். நடுவில் குரலில் ஒரு கீறல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே விடாமல் நின்று, அந்தக் கீறலோடு மேலே போனாள். சின்னு வாசிப்பதையே ஒரு கணம் மறந்துபோனாள்.

பாட்டு முடிந்தபோது மெஷின்காரர் மற்ற இரண்டையும் தாமாகவே பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கலையாத கூட்டம் அடுத்த பாட்டுக்காகக் கார்டுகளை அந்தரத்தில் பிடித்தபடி நின்றது. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, கீபோர்டுமேல் குனிந்தாள்.

"இன்னும் அரைக்கட்டை ஏத்து."

"ஐயோ, பீப்பு சேராது அண்ணி!"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். ஏத்துடி."

சின்னுவின் விரல் பொத்தானின்மேல் நின்றது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே நின்று, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, பையிலிருந்து கார்டைத் துழாவ ஆரம்பித்தார்கள்.