வேலியோரச் செடியும் என் அக்காவின் எலும்பும்

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா அதட்டி வாங்கியது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியதற்கே மணிக்கட்டு முறிந்துபோன எலும்பு அவளுக்கு. கடை வேலியில் நிற்கும் ஒரு செடியின் இலைக் கஷாயம் எலும்பை இரும்பாக்கும் என்று, சட்டை அளவு கொடுக்க வந்தவள் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

"அதை வெச்சு ஒரு கதை எழுதுடா. கதையில அதைக் குடிக்கிறவ பொழைச்சா நானும் குடிக்கிறேன்" என்றாள் அக்கா.

மருத்துவர்மேல் இல்லாத நம்பிக்கை, நான் தொடர்கதை எழுதும் வாரப் பத்திரிகைமேல்.

2.

தொடக்கம் ஒன்று: 'பச்சை இலைகள் அவளை அழைத்தன...' (அடித்துவிட்டேன். இலை யாரையும் அழைக்காது.)

தொடக்கம் இரண்டு: 'கத்தரியும் தக்காளியும் அந்தச் செடிக்கு ஒன்றுவிட்ட சகோதரிகள். ஆனாலும்...'

(பாடப்புத்தக வாடை. ஆனால் நிஜம். அதன் இலையில் உடம்பைச் சுண்ணாம்புச் சத்து உறிஞ்சவைக்கும் பொருள் இருக்கிறது. மிஞ்சினால் அதே சத்து ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் போய்ப் படிந்துவிடும். மேய்ந்த மாடுகளுக்கு அப்படித்தான் ஆயிற்று.)

செடிகளை ஆராயும் நண்பரைக் கேட்டேன். மருந்தாக வாய்ப்புண்டு என்றார். நான் பேனாவை எடுப்பதற்குள், "ஆனா எந்த இலையில எவ்வளவு இருக்குன்னு அந்தச் செடிக்கே தெரியாதுப்பா" என்றார்.

3.

முடிவு ஒன்று: குடித்தாள், மூட்டை தூக்கினாள். (அச்சில் வந்தால் ஊரில் ஒரு வேலி மிஞ்சாது.)

முடிவு இரண்டு: குடித்தாள், மாண்டாள். அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"போடா. உன் கதையில செத்தவ எவ மூணாவது வாரம் எழுந்து வராம இருந்திருக்கா?"

என் பிழைப்பே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என்ன செய்வது?

முடிவு மூன்று: ஆய்வு முடிந்து மாத்திரையாக வரும்வரை காத்திருந்தாள். அக்கா கொட்டாவி விட்டாள்.

4.

இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். கையில் குவளை. அடுப்பில் கஷாயம் கொதிக்கிறது.

"என்னடா, குடிச்சாளா இல்லையா?"

"பொறுக்கா, இன்னும் முடியல."

கதை முடியாமல் குடிக்க மாட்டாள். சொன்ன சொல் மாறாதவள். வெளியூர் போன அவள் கணவர் நாளை வந்து அவளை எலும்பு மருத்துவரிடம் இழுத்துப்போவார். ஆகவே வாசகரே, உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினாலும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அதுவரை என் நாயகி குவளையை உதட்டருகே கொண்டுபோய், சற்றே யோசித்து, தும்மல் வர, கீழே வைத்து, மூக்கைத் துடைத்து, மறுபடி எடுத்து,