தவிட்டுக்கு விற்காத பிள்ளை

அம்சவல்லி பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் பேர் கிடையாது. மூத்தது பெண், தொப்புள்கொடி விழுவதற்குள் போய்விட்டது. இரண்டாவது பையன், முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியபின் போனான். பேர் வைத்துக் கொஞ்சினால் எமன் காதில் விழும் என்று ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூரில் ஒரு பயம். அதனால் 'அது', 'இது' என்றே சொல்லி, ஆசை தீர ஒரு முத்தம்கூடக் கொடுக்காமல் வளர்த்தாள். அப்படியும் எமன் வந்தான். குழியில் மண் தள்ளும்போது பேர் சொல்லிக் கதற வாயைத் திறந்தாள். சொல்வதற்குப் பேர் இல்லை. அந்த வேதனையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மூன்றாவது தரித்தபோது அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காவலூரில் வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கிற கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மலையிலிருந்து இறங்க நாளுக்கு ஒரு பஸ் வரும், வராமலும் இருக்கும். ஆஸ்பத்திரியில் நீலாவதி என்ற நர்ஸ் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த கையையே கூப்பி, அவளுக்காக ஜெபம் செய்தாள். தனக்காக இன்னொருத்தி கண்ணீர் விடுவதை அம்சவல்லி அன்றுதான் பார்த்தாள். பிறகு ஞாயிறுதோறும் கீழேயிருந்த ஓலைக் கோயிலுக்கு நடந்தாள், ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். புருஷன் சடையன் தடுக்கவில்லை. எந்தச் சாமி பிள்ளையை விட்டுவைக்கிறதோ அந்தச் சாமிக்கு ஒரு கும்பிடு என்பது அவன் கட்சி.

பையன் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தான். மலைக்குத் திரும்பிய அன்றே சடையனின் அக்கா பெரியம்மாள் வந்து நின்றாள். அவள் வந்தால் வீட்டுப் பூனைகூட ஒதுங்கிக்கொள்ளும். நல்லது செய்வதையும் அதட்டித்தான் செய்வாள். பிள்ளை தங்காத வீட்டில், எமனை ஏமாற்ற, அடுத்ததைத் தவிட்டுக்கு விற்பது ஊர் வழக்கம். குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைக்க வேண்டும். இன்னொருத்தி வந்து பெற்றவள் மடியில் தவிட்டைக் கொட்டிவிட்டுத் தூக்கிப் போவாள். பிறகு பெற்றவளே போய், யார் பிள்ளையையோ வளர்க்க வாங்குவதுபோல் வாங்கி வருவாள். அதோடு ஆயுசுக்கும் அவன் பேர் குப்பன், இல்லாவிட்டால் தவிடன். 'என் பிள்ளை' என்று அவள் வாயால் சொல்லவே கூடாது. பெரியம்மாளின் மூத்தவன் தவிடன் அப்படித்தான் தங்கினான், இன்றைக்கு வாட்டசாட்டமாக ஏர் ஓட்டுகிறான். தம்பி பிள்ளையை வாங்குகிறவளும் தானேதான் என்று புதுச் சாமைத் தவிடு புடைத்து வைத்திருந்தாள். அவள் மனசில் கள்ளம் இல்லை.

அம்சவல்லி பயந்தாள். கர்த்தரை நம்புகிறவளுக்குப் பயமே வராது என்று பேசுகிறவர்கள் பிள்ளையைப் புதைத்திருக்க மாட்டார்கள். ஒரு பேச்சுக்கு விற்றால் பாவமா என்று நீலாவதியிடம் முன்பே கேட்டிருந்தாள். நீலாவதி பாவ புண்ணியம் பேசவில்லை. ஜெபம் பண்ணு, தைரியம் தருவார் என்று மட்டும் சொன்னாள்.

விற்கக் குறித்த நாள் காலையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபம் செய்யப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. போதகர் வாசித்த சிலுவைக் கதைதான் நினைவுக்கு வந்தது. சிலுவையடியில் கர்த்தரைப் பெற்ற தாய் நின்றாள். ஊர் பார்க்க, சேவகர் பார்க்க நின்றாள். இவன் என் பிள்ளை இல்லை என்று ஒதுங்கிப் போயிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதி. அவள் போகவில்லை. அதை நினைக்க நினைக்க அம்சவல்லிக்கு அழுகை வந்தது, அழுகையோடு கொஞ்சம் தெம்பும் வந்தது.

குப்பைமேட்டில் பெரியம்மாள் தவிட்டோடு காத்திருந்தாள். நாலு பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"எறக்கி வையிடி, நேரமாவுது."

"வெக்க மாட்டேன் அண்ணி. இவன் எம் புள்ள. பேரு ஜீவரத்தினம்."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதுவும் செத்துப்போனா இன்னாடி பண்ணுவ?"

"செத்தாலும் எம் புள்ளயாவே சாவட்டும். பேரு சொல்லி அழுவேன்."

பெரியம்மாள் தவிட்டைக் குப்பையிலேயே கொட்டினாள். பிள்ளைக்கு ஒன்று ஆகட்டும், தம்பிக்கு வேறு பெண் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மழை பிடித்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பால் இறங்கவில்லை. சடையன் ஆடிப்போய்விட்டான். அக்கா வீட்டுக்கு ஓடி, ஒரு துணியில் தவிட்டை முடிந்துகொண்டு வந்து, ஒரு பேச்சுக்குத்தானே என்று கெஞ்சினான். அம்சவல்லிக்கும் ஒரு கணம் மனசு தளர்ந்தது. முறம் மூலையில்தான் இருந்தது. மறுகணம் பிள்ளையைப் புடவைக்குள் பொதிந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

பஸ் வரவில்லை. அடிவாரம்வரை நடந்தாள். வழுக்கிய இடத்திலெல்லாம் கர்த்தரைக் கூப்பிட்டாள், மற்ற இடங்களில் பிள்ளையைக் கூப்பிட்டாள். ஜீவரத்தினம், ஜீவரத்தினம் என்று, எமனுக்கும் கேட்டால் கேட்கட்டும் என்று, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பின்னாலேயே ஓடிவந்த சடையன் அவள் தலைக்கு மேல் கோணியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தவிட்டு முடிச்சை எங்கே போட்டான் என்று அவனுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தான். அவளும் நீலாவதியும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு காலையில், தானாகவே தலையைத் திருப்பி அவள் மார்பைத் தேடி முட்டினான்.

அவனுடைய ஞானஸ்நானத்துக்குப் பெரியம்மாளும் இறங்கி வந்தாள். கோயிலுக்குள் வரவில்லை, வாசலில் நின்றாள். போதகர் பிள்ளையின் பேரைக் கேட்டார்.

"சுந்தரம்மா, சின்னராசு, ஜீவரத்தினம்" என்றாள் அம்சவல்லி.

போதகர் நிமிர்ந்து பார்த்தார். முதல் இரண்டும் மண்ணுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு, ஆஸ்பத்திரியில் கண்விழித்த ராத்திரிகளில் அவள் வைத்த பேர் என்று நீலாவதி தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் அந்த இரண்டு பேரையும் சொல்லி, அவர்களைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்து ஜெபித்தார். மூன்றாவது பேரைச் சொல்லிக் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். அம்சவல்லி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். முதல் தடவையாகப் பேர் சொல்லி அழுதாள்.

வெளியே வந்ததும் பெரியம்மாள் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அதட்டவில்லை.

"தவிடனுக்கு முன்ன எனுக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு, அம்சா. அதுக்கும் பேரு கெடையாது. நீயே ஒண்ணு வெச்சுடேன்."

"நீங்கதான பெத்தவங்க அண்ணி. நீங்களே வைங்க."

பெரியம்மாள் யாருக்கோ பயந்தவள்போல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பூங்காவனம்" என்றாள் மெதுவாக. பிறகு மலைப் பக்கம் திரும்பி, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறவள்போல, இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டாள்.