மறைக்க என்ன இருக்கு

பார்த்த மாத்திரத்திலேயே நாகமணிக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. வீடு என்று சொல்வதே மிகைதான், ஒரே ஒரு அறை. ஜெர்சி சிட்டியின் பழைய பேட்டையில், வான் வோர்ஸ்ட் பூங்காவை ஒட்டி நூறு வருஷத்துக்கு மேலான செங்கல் கட்டிடம். உள்ளே மட்டும் எல்லாம் புதுசு. புது அடுப்பு, புதுத் தரை, தள்ளினால் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும் கதவு. கிரைண்டரை எங்கே வைக்கலாம் என்றுகூட இடம் பார்த்துவிட்டாள்.

ஒரு மணி நேர ரயில் தூரத்தில், எடிசனில் அவளுக்கு நாலு பெட்ரூம் வீடு இருக்கிறது. அதில் கணவர் திருமூர்த்தியும் இருக்கிறார், அதுதான் தொல்லை. அடிப்பவரில்லை, குடிப்பவரில்லை. அவள் வாயைத் திறந்தால் "உனக்கென்ன தெரியும்" என்பார், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தால் கல்லுக்கும் மனசு விட்டுப்போகும். மகன் தீபக் டெக்ஸாஸ் போனதிலிருந்து அவள் கீழே கெஸ்ட் ரூமில்தான் படுக்கிறாள். ஆனால் யார் வீட்டு விசேஷமென்றாலும் இருவரும் ஒரே காரில் போய் இறங்கி, ஒட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இந்த வேஷம் அவளுக்கு அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துச் சேர்த்ததை வைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் இந்த அறையை வாங்கத் துணிந்தாள்.

குடியிருப்பவர்களே கூட்டாகச் சொந்தம் கொண்டாடும் கோ-ஆப் கட்டிடத்தில் காசு மட்டும் போதாது. அங்கே குடியிருப்பவர்களின் கமிட்டி கூப்பிட்டுப் பேசி, சரி என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிற மாதிரிதான், பஜ்ஜி மட்டும் கிடையாது. வாங்குகிறவர் தானே குடியிருக்க வேண்டும், வேறு யாருக்கும் வாங்கிப் போடக் கூடாது என்பது முதல் விதி. "நான் தனியாக இங்கே இருப்பேன் என்று சொல்லுங்கள், போதும்" என்று ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அந்த ஆங்கில வாக்கியத்தை ரயிலில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கமிட்டியில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள். வேலை என்ன, நாய் உண்டா என்று கேட்டார்கள். தங்குதடையில்லாமல் பதில் சொன்னாள். அப்போதுதான் மூன்றாவது ஆள் தாமதமாக உள்ளே வந்தாள், ப்ரியம்வதா என்று முப்பத்தைந்து வயசுப் பெண்.

"ஐயோ, நீங்க தமிழா ஆன்ட்டி? எடிசன்ல இருந்தா வர்றீங்க? அங்கிளும் இங்க மூவ் பண்றாங்களா?"

பாசமாகத்தான் கேட்டாள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தமிழ் முகத்தைப் பார்த்து, புருஷனை விட்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கே எடிசனில் நம்மாட்கள் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடு முழுக்கப் பரவிவிடாதா?

"நாங்க எதுக்குங்க இங்க வர்றோம்? அங்க அவ்ளோ பெரிய வீடு இருக்குதே. இது சும்மா பையனுக்கு வாங்கிப் போடறோம்."

என்ன சொல்கிறார் என்று கிழவர்கள் கேட்டார்கள். ப்ரியம்வதா நாகமணியையே பார்த்தாள். "இதை இவங்ககிட்ட சொல்லட்டுமா ஆன்ட்டி? நல்லா யோசிச்சுக்கோங்க."

"சொல்லும்மா. மறைக்க என்ன இருக்கு?" என்றாள் நாகமணி, தலையை நிமிர்த்தி.

ப்ரியம்வதா சொன்னாள். கிழவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து கைகுலுக்கினார்கள். அந்தக் கைகுலுக்கலில்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

வாசல்வரை ப்ரியம்வதா கூடவே வந்தாள்.

"அப்ளிகேஷன்ல தனியா இருக்கப் போறதா போட்டிருந்தீங்களே ஆன்ட்டி. நான் சும்மா பேச்சுக்குத்தான் அங்கிளைக் கேட்டேன், ஏன் மாத்திட்டீங்க?"

நாகமணி கைப்பைக்குள் ரயில் டிக்கெட்டைத் தேடினாள்.

"நானும் தனியாத்தான் இருக்கேன், மூணாவது மாடியில. டிவோர்ஸ் ஆயிடுச்சு. எங்கம்மா மட்டும் இன்னும் எல்லார்கிட்டயும் மாப்பிள்ளை கலிஃபோர்னியால இருக்கார்னு சொல்லிட்டிருக்காங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உங்களுக்குத்தான் ஓட்டுப் போடணும்னு வந்தேன்."

திரும்பும் ரயிலிலேயே ஏஜென்ட் போனில் கூப்பிட்டுவிட்டான். கிடைக்காதாம். காரணம் சொல்ல மாட்டார்களாம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டில் திருமூர்த்தி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எங்க போயிட்டு வர்ற?"

"கோயிலுக்குங்க."

யோசிக்காமலே வந்துவிட்டது. அவள் உள்ளே போய் இருவருக்கும் அரிசி களைந்தாள்.