ஷட்டரும் படிக்கட்டும்

என் கணவர் மூக்குக் கண்ணாடி பழுது பார்ப்பவர். எறும்புத் தலையளவு திருகாணிகளைப் பொருத்துகிற கை. வெள்ளிக்கிழமை, அந்தக் கையின் நடுவிரல் முட்டியில் ஒரு கிழிசலோடு வீடு வந்தார்.

"கடை ஷட்டர் பட்டுடுச்சு."

அதே சாயங்காலம் என் தம்பி உதடு வீங்கி வந்தான். "படிக்கட்டுல விழுந்துட்டேன்க்கா."

இருவருக்கும் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் காயம் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விரல் சிவந்து, மடங்க மறுத்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

"கிருமி மூட்டுக்குள்ள இறங்கியிருக்கு," என்றார் அங்கிருந்த டாக்டர். "இரும்பு கிழிச்சா ஒரு மருந்து, பல்லு கிழிச்சா வேற மருந்து. தப்பாப் போனா விரல் இப்படியே நின்னுடும். நெஜமாவே ஷட்டர்தானா?"

கணவர் மின்விசிறியைப் பார்த்தார். கதவருகே பிளாஸ்க்கோடு நின்ற தம்பி தரையைப் பார்த்தான். பிறகு பிளாஸ்க்கை என் கையில் திணித்துவிட்டு, டாக்டர் முன்னால் போய் வாயைத் திறந்தான். முன்பல்லின் முனை உடைந்திருந்தது.

"இதான் டாக்டர் ஷட்டர்."

"டேய்!"

"சும்மா இருங்க மாமா. அக்காவுக்குப் பயந்து விரலை விட்டுடுவீங்களா?"

கடையில் அவருக்குக் கையாளாக இருக்கும் இவன், ஒரு குழந்தையின் கண்ணாடிமேல் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்ததும் இல்லாமல் சிரித்திருக்கிறான். சிரித்த வாயில் குத்து விழுந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள் இரண்டு பேரும்.

"வாயில இருக்கிறவரைக்கும் இந்தக் கிருமிங்க சாது," என்றார் டாக்டர். "முட்டிக்குள்ள புகுந்தாதான் வேலையைக் காட்டும். இன்னிக்கே திறந்து கழுவிடலாம்."

"நான் ரெண்டு வேளை பல்லு வெளக்குறவன் டாக்டர்," என்றான் தம்பி, மானம் போனவனாக.

"நாலு வேளை வெளக்கினாலும் இருக்கும்ப்பா. எனக்கும் இருக்கு."

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் எல்லாம் மறந்துபோனது. பெஞ்சில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாயில் பரம சாதுவாகக் குடியிருந்து, ஒரே குத்தில் வழி தவறி வேற்றூருக்குள் நுழைந்துவிட்ட அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். அந்தக் குழந்தைக்குப் புதுக் கண்ணாடி தயாராகிக்கொண்டிருந்தது. தம்பி பிரேமைப் பிடித்திருக்க, கணவர் திருப்புளியை எடுத்தார். நடுவிரல் பாதி மடங்கி நின்றது. யோசித்தது. பிறகு இன்னும் கொஞ்சம் மடங்கியது. திருகாணி உள்ளே போயிற்று.

தம்பி சிரித்தான்.

"வாயை மூடுடா," என்றார் அவர், தானும் சிரித்துக்கொண்டு. "அந்தப் பல்லைப் பார்த்தாலே விரல் வலிக்குது."