நல்ல தண்ணி

குழாயைத் திருப்பியதும் தண்ணீர் நூலாக விழுந்தது. வாய் நிறைய நுரையோடு நின்ற கவியா அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தாள். கலைச்செல்வன் முழுக்கத் திறந்து பார்த்தான். வேன் சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. நூல் கொஞ்சம் நடுங்கியதே தவிர பருக்கவில்லை. உள்ளங்கையில் பிடித்த தண்ணீரை மகள் வாயில் ஊற்றிக் கொப்பளிக்க வைப்பதற்குள், பின்னாலிருந்து மனைவி இலக்கியா சொல்லிவிட்டாள். "போர் தண்ணிய ஊத்த விடாதீங்கன்னு நேத்தே சொன்னேன்."

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கழிப்பறை என்று ஒரு வீட்டையே அதற்குள் அடைத்திருந்தான். சென்னையில் வாடகை வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்த வேலைதான். மர வேலைக்கு மட்டும் ஆள் வைத்தான். தண்ணீர் டேங்க், பம்ப், பைப் எல்லாம் வீடியோ பார்த்துத் தானே செய்தது. முதல் பயணம் கங்கைகொண்ட சோழபுரம் கோயில், பிறகு தஞ்சாவூர், அப்புறம் ராமேசுவரம். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அக்கா கொளஞ்சியம்மாளின் வீடு. ஒரு ராத்திரி அங்கே தங்குவது என்று ஏற்பாடு.

தங்கியது வீட்டில் அல்ல. அக்கா உள் அறையைக் கழுவிவிட்டு, விலைச்சீட்டு பிரிக்காத விரிப்பைப் போட்டு, யாரிடமோ கேட்டு வாங்கிய டேபிள் ஃபேனையும் வைத்திருந்தாள். கவியாவுக்கு இடம் மாறினால் தூக்கம் வராது என்று கலைச்செல்வன் சொன்னான். தினம் தினம் இடம் மாறும் வண்டியைப் பார்த்துக்கொண்டே அக்கா தலையாட்டினாள். மாமா தர்மன் மட்டும் சிரித்தார். சினிமாக்காரன் மாதிரி மாப்ள கேரவன்ல வந்திருக்காரு என்று தெருவில் இரண்டு பேரிடம் பெருமையாகவே சொன்னார். சாயங்காலம் வெகுநேரம், அக்கா குடம் குடமாகக் கொண்டுவந்து, டேங்க்கின் வாயில் வெள்ளைத்துணி கட்டித் தண்ணீர் ஊற்றினாள். கலைச்செல்வன் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் கையில் ஸ்பேனரோடு இறங்கினான். அக்கா தெருவில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வேம்பு சின்னம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா டிவிஎஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தண்ணிக்கா ஊத்துன? சுண்ணாம்புக்கல்லு பூமி, பைப்பு பூரா அடச்சிகிச்சு. இத ஊத்தக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வேம்பு சின்னம்மாவின் கை கீரையில் நின்றது.

"நல்ல தண்ணிதாம்ப்பா ஊத்துனேன்" என்றாள் அக்கா.

அவள் எப்போதும் அப்படித்தான், ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வாள். அது அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது. கேன் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மாமாவிடம் கேட்டான். ஜெயங்கொண்டத்தில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் மாமா வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். கலைச்செல்வன் வேனுக்கு அடியில் குனிந்து, டேங்க்கைக் காலிசெய்யும் வால்வைத் திருகினான். தண்ணீர் கொப்பளித்துத் தார் ரோட்டில் விழுந்து, ஓரத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அக்கா சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அங்கேயே நின்றாள். கட்டிப்போட்டிருந்த ஆடு கயிறு எட்டுமட்டும் வந்து, ஓடுகிற தண்ணீரில் வாய் வைத்தது.

தண்ணீர் எல்லாம் வடிந்தது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் வேம்பு சின்னம்மா வாய் திறந்தாள். குரலில் கோபம் இல்லை. கொள்ளிடத் தண்ணீர் குழாயில் தினமும் வருவதில்லை, நேற்று வராத நாள். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்று சொல்லி, கொளஞ்சி வீடு வீடாகப் போய்ப் பிடித்துவைத்ததைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். போர் தண்ணீரில் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை.

"எங்க வூட்டுக் குடமும் அதுல இருந்துச்சு தம்பி" என்றாள்.

கலைச்செல்வன் வேனுக்குள் ஏறிக்கொண்டான். கொள்ளிடத் தண்ணீராகவே இருக்கட்டும், குடத்தில் மண் இருந்திருக்கும், துணியில் ஏதாவது இருந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். குழாய் முனையைக் கழற்றினான். உள்ளிருந்த சின்ன வலை பளிச்சென்று இருந்தது. சுண்ணாம்பு ஒரு பொட்டுகூட இல்லை. பைப்பைப் பிரித்து ஊதிப் பார்த்தான், காற்று தடையில்லாமல் போனது. மிச்சமிருந்தது பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி மட்டும்தான். சீட்டைத் தூக்கி, இடுக்கில் கையை விட்டு, அதன் கண்ணாடி மூடியைத் திருகி எடுத்தான்.

உள்ளே மண் இல்லை. வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள் வலையைச் சுற்றி அப்பிக் கிடந்தன. நகத்தால் ஒன்றை எடுத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால், தண்ணீர் ஊற்றும் வாய் சிறியதாக இருக்கிறதென்று அவனே டிரில் போட்டு டேங்க்கின் மேல்பக்கத்தைப் பெரிதாக வெட்டினான். அந்தப் பிளாஸ்டிக் சுருள்கள்தான் உள்ளே விழுந்திருக்கின்றன. டேங்க்கைக் கழுவ வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நேரமாகிவிட்டதென்று விட்டுவிட்டான். மேலே மிதந்தவை, வழியில் தண்ணீர் குறையக் குறையக் கீழே இறங்கி வழியைப் பிடித்துக்கொண்டன. ஜெயங்கொண்டம் தாண்டும்போதே டம்ளர் கழுவிய இலக்கியா குழாய் மெதுவாக வருகிறது என்றாள். டேங்க் காலியாகிறது, அதனால்தான் என்று அவனே சொன்னான். அக்கா இடுப்பில் முதல் குடத்தை வைப்பதற்கு முன்பே குழாய் அடைத்துவிட்டது.

இலக்கியாவும் கவியாவும் முன் சீட்டில் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுருள்களை வழித்துக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"கொடத்து மண்ணு தானப்பா?"

வேன் படியருகே அக்கா நின்றிருந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து அதன் பால் பட்டுக் கறுத்த விரல்களால் படியின் கம்பியைத் தொடாமல், சற்றுத் தள்ளியே நின்றாள். அவள் முகத்தில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. ஆமாம் என்று கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"லேசாதான்க்கா" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் வடிகட்டியை மாட்டினான். மூடி இரண்டு தடவை மறை தவறி ஏறியது. ஒரு கையால்தான் திருக முடிந்தது. மாட்டி முடித்தும் இறங்க மனமில்லாமல், ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பார்த்தான். வீட்டுப் பக்கவாட்டில் அக்கா குந்தி உட்கார்ந்திருந்தாள். முன்னால் எல்லாக் குடங்களும் கவிழ்ந்து கிடந்தன. அவளுடையவை மட்டுமல்ல, இரவல் வாங்கியவையும்தான். ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பார்த்தாள். கையை முழங்கை வரை விட்டுச் சாம்பலால் தேய்த்தாள். மறுபடி வெளிச்சத்துக்குக் காட்டினாள். அங்கே இல்லாத மண்ணை அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.

அவன் இறங்கிப் போய் அவள் எதிரில் குந்தினான். கையைத் திறந்து காட்டினான்.

"என்னப்பா இது, தேங்காத்துருவலாட்டம்?"

டேங்க்கில் ஓட்டை போட்டதைச் சொன்னான். அது சென்னையிலிருந்து வரும்போதே அடைத்திருந்ததைச் சொன்னான். சற்று முன் அவளிடம் சொன்னது பொய் என்பதையும் சொன்னான். அக்கா கையிலிருந்த குடத்தைக் கழுவி முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"அம்மா பண்ணையாரு மோட்டார் கொட்டாயில கொடத்தத் தள்ளி வச்சிட்டு நிக்கும். நீ கைப்புள்ள, ஒனக்குத் தெரியாது. நாம தொட்ட தண்ணி ஆகாதுன்னு ஊருல சொல்லிக் கேட்டிருக்கேன். நீ சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தான். எப்படி நினைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. விரிப்பும் ஃபேனும் இருந்த அறைக்கு ராத்திரி ஒரு தடவைகூட அவன் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

"தண்ணி குடுத்தவங்க மொகத்துல நாந்தான முழிக்கணும்" என்றாள் அக்கா. "நீயே போயி சொல்லு."

அவன் எழுந்து ரோட்டைக் கடந்தான். ஈரத்தில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. வேம்பு சின்னம்மா கீரையை முறத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எங்கிட்ட வந்து காதுல சொல்றியே தம்பி. காலையில நடு ரோட்டுல நின்னுல்ல சொன்ன."

முறத்தை எடுத்துக்கொண்டு அவளும் எழுந்து நின்றாள்.

அப்போது மாமா வந்து சேர்ந்தார். டிவிஎஸ்ஸின் பின்னால் கேன்களைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். ஒன்றை அவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, டேங்க்கில் ஊற்றிவிடலாமா மாப்ள என்று கேட்டார். சத்தம் கேட்டு இலக்கியா வேன் கதவைத் திறந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். குடம் தந்தவர்களில் யார் யார் அவர்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கேன எறக்குங்க மாமா" என்றான். பிறகு வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "அக்கா, கொஞ்சம் வெளிய வாயேன்."

கொளஞ்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து வாசலில் நின்றாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று எல்லோரையும் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து, கலைச்செல்வன் நடு ரோட்டில் கையை விரித்தான். லாரியின் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுருள்கள் பறக்கவில்லை. உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன.