சிவப்புக் கட்டை

மூன்று வயதுப் பட்டுவுக்கு நிறமெல்லாம் அத்துப்படி என்று அவள் அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். அம்மா லேசுப்பட்டவள் இல்லை, மழலையர் பள்ளி டீச்சர். கட்டைகளைப் பாயில் பரப்பி, "பொம்மைக்கு வீடு கட்டணும், சிவப்புக் கல்லு கொண்டாங்க" என்று விளையாட்டுப் போக்கிலேயே நிறத்தையும் அளவையும் பிள்ளைகளுக்கு ஏற்றிவிடுவாள். அந்த வகுப்பில்தான் மகளும் இருந்தாள்.

பட்டு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே" என்று கணவன் வாயெடுத்தால் போதும், டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கேட்ட கட்டைய டக்குனு எடுக்குறா. அவளுக்கா குறை? முதல்ல வாயைக் கழுவுங்க!" பெற்றவளிடம் யார் வாதாடி ஜெயிப்பது?

மேல் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பெற்ற மகளை அம்மாவே சோதித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பெரிய டீச்சரே பாயில் உட்கார்ந்தார். அம்மா சுவரோரம் நின்றாள்.

"பட்டுக்கண்ணு, சிவப்பு குடும்மா."

பட்டு கட்டைகள் பக்கமே பார்க்கவில்லை. பெரிய டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். சட்டென்று சிவப்பை எடுத்து நீட்டினாள்.

பெரிய டீச்சர் நிமிர்ந்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

கதவு மறுபடி திறந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நீ இல்லாதப்போ எதையுமே எடுக்கல. நிறத்தைச் சொன்னதும் உன் கண்ணு அந்தக் கட்டைக்குப் போயிடுது. அதைப் பாத்துதான் எடுக்கறா. நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"புது ஆளுன்னு மிரண்டிருப்பா" என்றாள் டீச்சர்.

எல்லோரும் போனபின் மகளைப் பாயில் உட்கார வைத்து, கட்டைகளைப் பரப்பினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"சிவப்பு குடு கண்ணு."

காத்திருந்தாள். கை காலியாகவே இருந்தது. "குடுடி தங்கம்" என்றபோது குரல் உடைந்தது.

மடியில் ஏதோ ஏறியது. இரண்டு சின்ன விரல்கள் அவள் இமையைப் பிடித்து மெல்லத் திறந்தன.